சகலைகளின் வண்டுகள்

அந்த ஆராய்ச்சிக் கட்டடத்தின் மூன்றாம் மாடியில், நடையின் கோடியில் ஒரு அறை. அதில் இருபதாயிரம் வண்டுகள் இருந்தன. அவற்றை ஆராய்வதற்கு இரண்டு மடையர்கள் இருந்தார்கள். இதில் வண்டுகள் பரவாயில்லை என்பதுதான் மாவுக்காரம்மாவின் பதினேழு வருஷத்து அபிப்பிராயம்.

அவளை அப்படித்தான் எல்லாரும் கூப்பிட்டார்கள். வேலையே மாவு சலிப்பதுதானே! வீட்டில் மாவு டப்பாவைத் திறந்தால் குடுகுடுவென்று ஓடுமே, அந்தச் சனியன்தான் இங்கே ஆராய்ச்சி. வீட்டில் அது வந்தால் மாவைக் குப்பையில் கொட்டுவோம். இங்கே அதற்காகவே மூட்டை மூட்டையாக மாவு வாங்கி, காயவைத்து, சலித்து, ஜாடியில் போட்டு, குளிராமல் ஹீட்டர் வேறு. மாவுக்காரம்மாவின் வீட்டுக்காரர் முட்டி போய் மூலையில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு ஹீட்டர் கிடையாது.

மடையர்கள் இருவரும் சகலைகள். பெரியவர் அக்காளைக் கட்டினவர், சின்னவர் தங்கையைக் கட்டினவர். இருவரும் பேராசிரியர்கள். ஒரே அறையில் எதிரெதிர் மேஜை. பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. சொத்துத் தகராறு, பெண்டாட்டி தகராறு என்றாலாவது மனுஷத்தனமாக இருக்கும். இவர்களுடைய சண்டை வேறு. உலகத்தில் உயிர்கள் ஒன்றுக்கொன்று விட்டுக்கொடுத்துப் பிழைத்து வந்தனவா, அதது தன் வயிற்றைப் பார்த்துப் பிழைத்து வந்ததா? இதுதான் சண்டை. விட்டுக்கொடுக்கிற கூட்டம்தான் காலங்காலமாக நிலைக்கும் என்பார் பெரிய சகலை. கூட்டமாவது ஒண்ணாவது, தன்னைப் பார்த்துக்கொள்கிற ஜீவன்தான் நிலைக்கும் என்பார் சின்ன சகலை.

கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கும். ஊருக்குத்தானே உபதேசம்! ஒற்றுமையைப் பற்றி மணிக்கணக்கில் பேசுகிற பெரிய சகலை, அறைக்கென்று கொடுத்த கெட்டிலைத் தன் அலமாரியில் பூட்டி, சாவியை இடுப்பில் வைத்திருந்தார். சுயநலம்தான் உயிரின் இயல்பு என்கிற சின்ன சகலை, சேர்ந்த நாளிலிருந்து தன் பையிலிருந்து ஒரு டீக்குக் காசு எடுத்ததில்லை. அவராவது சொன்னதைச் செய்கிறார் என்று மாவுக்காரம்மா அவருக்கு அரை மார்க் கூடுதலாகப் போட்டிருந்தாள். நூற்றுக்கு அரை.

சண்டையைத் தீர்க்கத்தான், ஏற்கெனவே அறையில் வளர்ந்த வண்டுகளைப் பதினோரு வருஷம் முன்னால் இரண்டாகப் பிரித்தார்கள். சுவரோடு இரண்டு தட்டு, தட்டுக்கு இருபத்து நான்கு ஜாடி. மேல்தட்டு பெரியவருடையது, கீழ்த்தட்டு சின்னவருடையது. நாற்பது நாளைக்கு ஒரு முறை மாவைச் சலித்து வண்டுகளை எண்ண வேண்டும். மேல்தட்டில் எந்த ஜாடி மொத்தத்தில் நிறையப் பெருகியதோ அந்த ஜாடிக் கூட்டத்தை அப்படியே எடுத்து மற்ற ஜாடிகளுக்கும் விதையாகப் போட வேண்டும். கீழ்த்தட்டில் ஜாடியைப் பார்க்கக் கூடாது, தனி வண்டைப் பார்க்க வேண்டும். எது நன்றாகக் கொழுத்து உருண்டு திரண்டிருக்கிறதோ அதைப் பொறுக்கி எடுத்து அடுத்த தலைமுறைக்குப் போட வேண்டும். பத்து வருஷம் இப்படியே செய்தால் எந்தத் தட்டு செழிக்கிறது என்று தெரிந்துவிடுமாம். குண்டுச்சட்டியில் குதிரை ஓட்டுவது என்பார்களே, இவர்கள் கண்ணாடிச் சட்டியில் ஓட்டினார்கள்.

ஆரம்பத்திலேயே மாவுக்காரம்மாவுக்கு விடை தெரிந்துவிட்டது. கொழுத்த வண்டு எப்படிக் கொழுத்தது? பக்கத்து வண்டின் முட்டையைத் தின்றுதான் கொழுத்தது. கீழ்த்தட்டில் அந்த மாதிரித் தின்னிகளையே பொறுக்கிப் பொறுக்கிப் போட்டார்கள். எட்டாம் தலைமுறையில் மூன்று ஜாடி காலி. உள்ளே வெறும் மாவும் நாலு செத்த வண்டும்தான்.

அன்றைக்குச் சின்ன சகலை குதித்த குதி இருக்கிறதே! "சூடு சரியா வச்சியா? மாவைக் காயவச்சியா? என் தட்டுல மட்டும் எப்படிச் சாகும்? மேல்தட்டுக்காரர் சொல்லிக் கொடுத்துத்தானே செஞ்ச?" என்று ஆள் வைத்துக் கொன்றதைப் போலக் கத்தினார். மறுபடி ஒரு ஜாடி காலியானால் வேலையை விட்டே தூக்கிவிடுவதாகச் சொன்னார்.

சரி, காலியாகாமல் பார்த்துக்கொண்டால் போச்சு. அடுத்த முறை ஒரு ஜாடி ஒடுங்குவது தெரிந்ததும் மாவுக்காரம்மா மேல்தட்டு ஜாடியிலிருந்து ஒரு டீஸ்பூன் வண்டை அள்ளிக் கீழே போட்டாள். மேல்தட்டு வண்டு கறுப்பு, கீழ்த்தட்டு வண்டு செவப்பு. இரண்டு நாளில் மாவுக்குள் புகுந்துவிட்டது.

ஜாடி கழுவ அவளுடைய நாத்தனாரும் அதே அறையில்தான் இருந்தாள். புருஷனை விட்டுவிட்டு அண்ணன் வீட்டோடு வந்தவளை மாவுக்காரம்மாதான் கையோடு கூட்டிவந்து சேர்த்துவிட்டாள். பதின்மூன்று வயது இளையவள். வாய் குறைவு, கை சுத்தம்.

"அண்ணி, கறுப்பும் செவப்பும் கலக்குதே, தப்பில்லையா?" என்று நாத்தனார் அன்றைக்கே கேட்டாள்.

"கறுப்பா இருந்தா என்ன, செவப்பா இருந்தா என்ன? தின்னுட்டுத் தூங்குற சனியன். நீ வாய மூடிக்கிட்டு மூடியப் போடு."

நாத்தனார் மூடியைப் போட்டாள். அப்புறம் பத்து வருஷம் அதே கதை. கீழே ஒடுங்கினால் மேலிருந்து ஒரு ஸ்பூன். சில நாள் மாவுக்காரம்மா ஸ்பூன் பிடித்தாள், சில நாள் நாத்தனார். எண்ணிக்கையை நோட்டில் எழுதி இரண்டு மேஜையிலும் ஒவ்வொரு பிரதி வைப்பார்கள். இரண்டு தட்டும் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும். அந்த ஒரே எண்ணை வைத்துக்கொண்டு பெரிய சகலை ஏழு கட்டுரையும் சின்ன சகலை ஒன்பது கட்டுரையும் எழுதி, தான் சொன்னதே சரி என்று நிரூபித்தார்கள். இரண்டு பேரில் ஒருவராவது ஒரு நாளாவது எழுந்து வந்து, ஒரு ஜாடி மூடியைத் திறந்து உள்ளே எட்டிப் பார்த்திருக்க வேண்டுமே! மாவு ஒத்துக்கொள்ளாது, தும்மல் வரும்.

இப்போது மாவுக்காரம்மாவுக்கு வயது ஐம்பத்து நாலு முடிந்து பதினோரு மாதம். ஐம்பத்தைந்துக்குள் வேலை நிரந்தரமாகாவிட்டால் ஆகவே ஆகாது, பென்ஷனும் கிடையாது. பதினேழு வருஷம் மாவில் மூழ்கிக் கிடந்ததற்கு வெறுங்கையோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அவள் பெயரும் நாத்தனார் பெயரும் போட்டு ஒரே விண்ணப்பமாக எழுதி வைத்திருந்தார்கள். அதில் இரண்டு பேராசிரியர்களும் கையெழுத்துப் போட வேண்டும். அடுத்த வாரம் மேலிடத்திலிருந்து ஓர் அம்மா பரிசோதனைக்கு வருகிறார், அந்த அம்மாதான் முடிவு செய்வார்.

காரியம் ஆக வேண்டுமானால் கழுதைக் காலையும் பிடி என்பது சரிதான். இங்கே இரண்டு கழுதை, எட்டுக் கால்.

"அவர் போடட்டும், போடறேன்" என்றார் பெரிய சகலை.

"அவர் மொதல்ல போடட்டும்" என்றார் சின்ன சகலை.

மூன்று மாதம் அந்தக் காகிதம் இந்த மேஜைக்கும் அந்த மேஜைக்கும் நடந்தது. நடுவில் எட்டடிதான்.

பரிசோதனைக்கு மூன்று நாள் முன்னதாகப் பெரிய சகலை அவளை நடைக்குக் கூப்பிட்டார். முதல் முறையாகக் கெட்டிலைத் திறந்து அரை டம்ளர் டீ கொடுத்தார். "இது நமக்குள்ள இருக்கட்டும். கீழ்த்தட்டுலேர்ந்து ஜாடிக்குப் பத்துப் பதினஞ்சு வண்ட எடுத்து வெளிய போட்டுரு. யாருக்கும் தெரிய வேண்டாம்." உலகத்துக்கு ஒற்றுமையைப் போதிக்கிற வாய்!

மறுநாள் சின்ன சகலை மாடிப்படியில் மடக்கினார். "பாரும்மா, நாமெல்லாம் ஒருத்தருக்கொருத்தர் உதவியா இருக்கணும். நீ எனக்கு உதவு, நான் உனக்கு உதவறேன். மேல்தட்டுலேர்ந்து கொஞ்சம் கொறச்சுரு." அவளுக்குச் சிரிப்பை அடக்குவது பெரிய பாடாகிவிட்டது. அவனவனுக்குக் காரியம் என்று வந்ததும் அவனவன் கொள்கை எதிர்மேஜைக்குப் போய்விட்டதே!

அவள் இரண்டு பேருக்கும் சரி என்றாள். இரண்டையும் செய்யவில்லை. அதற்குப் பதிலாகக் காகிதத்தை எடுத்துக்கொண்டு பெரியவரிடம் போனாள்.

"அவர் போட மாட்டாராம் சார். 'பெரியவருக்கு ஆள் தேவை, அதான் இவங்களுக்காக அலையறாரு, இவங்க போனா அவர் தட்டு தானா நாறிடும்'னு சொல்றாரு."

பெரிய சகலை பேனாவைத் திறந்த வேகத்தில் மை சட்டையில் தெறித்தது. கையெழுத்து விழுந்தது. காகிதத்தை விசிறிக் காயவைத்துக்கொண்டு எட்டடி நடந்து சின்னவரிடம் போனாள்.

"போட்டுட்டாரு சார். 'சின்னவர் போட மாட்டார், நான் ஒருத்தன்தான் தொழிலாளிக்குப் பாடுபட்டேன்னு மேலிடத்தம்மாகிட்டச் சொல்லப்போறேன்'னு சொன்னாரு."

அங்கேயும் விழுந்தது.

விட்டுக்கொடுப்பதுமில்லை, சுயநலமுமில்லை. தனக்கு ஒரு கண் போனாலும் சரி, எதிராளிக்கு ரெண்டு கண்ணும் போக வேண்டும். உலகம் ஓடுவது அந்த மண்ணெண்ணெயில்தான் என்று வண்டு சலித்த அவளுக்குத் தெரிந்திருந்தது, கட்டுரை எழுதிய இவர்களுக்குத் தெரியவில்லை. அன்று மாலை பஸ்ஸில் நாத்தனாரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். "ரெண்டும் எவ்ளோ படிச்சிருக்கு பாரு! தலைல மொளகா அரைச்சாக்கூட எரியுதான்னு எதிராளியக் கேட்டுட்டுத்தான் கத்தும்." நாத்தனாரும் சிரித்தாள். ஜன்னல் பக்கம் திரும்பி, "நெஜமாவே ஆயிடுமா அண்ணி?" என்று மட்டும் கேட்டாள்.

மேலிடத்து அம்மா வந்தார். நரைத்த கிராப்பு, கழுத்தில் கயிற்றில் கட்டிய கண்ணாடி, தோளில் துணிப்பை. சகலைகள் ஆளுக்கொரு பக்கம் நின்று, ஆளுக்கொரு விளக்கப்படத்தைக் காட்டி, ஒரே நேரத்தில் பேசினார்கள். அந்த அம்மா இரண்டையும் பார்க்கவில்லை. நேரே சுவரோரம் போய், கீழ்த்தட்டிலிருந்து ஒரு ஜாடியை எடுத்து, மூடியைத் திறந்து, வெள்ளைத் தட்டில் கொட்டினார். தும்மவில்லை.

"கீழ்த்தட்டுல கறுப்பு எப்படி வந்துது?"

சகலைகள் விளக்கப்படத்தைக் கீழே இறக்கினார்கள்.

"ஆரம்பத்துல ரெண்டு நிறமா எடுத்ததே கலந்தாத் தெரியணும்னுதானே? நீங்க எழுதின திட்டத்துலயே இருக்கு. மொதப் பக்கம்." அந்த அம்மா இன்னொரு ஜாடியைக் கொட்டினார். அதிலும் பாதிக்குப் பாதி கறுப்பு. "பதினோரு வருஷம். உங்கள்ல ஒருத்தர்கூட ஜாடிய எட்டிப் பாக்கலையா?"

நிறம் எதற்கென்று மாவுக்காரம்மாவிடம் யாரும் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. கேட்டவளை வாயை மூடச் சொன்னவள் அவள்தான்.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. பெரிய சகலை தொண்டையைச் செருமினார். "அட்டெண்டர்களை முழுசா நம்பினோம் மேடம். அதான் நாங்க செஞ்ச தப்பு."

"சகலை சொல்றது சரி" என்றார் சின்ன சகலை. பதினோரு வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தை அவர் வாயிலிருந்து வந்தது. "படிப்பில்லாதவங்க. முன்னாடியே இவங்க மேல எங்க ரெண்டு பேருக்கும் சந்தேகம்."

"ரெண்டு பேருக்கும்" என்று பெரியவர் எடுத்துக் கொடுத்தார். இருவரும் பக்கத்தில் பக்கத்தில், தோளோடு தோளாக நின்றார்கள். ஆஹா, என்ன ஒற்றுமை! விட்டுக்கொடுத்து வாழ்வது எதற்கு, எப்போது, யாருக்கு எதிராக என்று ஏழு கட்டுரையிலும் இல்லாத பாடம் அரை நிமிஷத்தில் வந்துவிட்டது. காறித் துப்பலாம்போல இருந்தது அவளுக்கு.

அந்த அம்மாவுக்கும் அது புரியாமலில்லை. உதட்டைச் சுழித்துக்கொண்டு விண்ணப்பத்தை எடுத்து மேஜையில் வைத்தார். "ஆராய்ச்சிய மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். அத விடுங்க. இதுல ரெண்டு பேர் இருக்கு. கலந்தது யாருன்னு எனக்குத் தெரியணும். கலந்தவங்க பேர அடிச்சுட்டு மத்தவங்களுக்குத்தான் நான் கையெழுத்துப் போட முடியும்." பேனாவைத் திறந்தார்.

விண்ணப்பத்தில் முதல் பெயர் மாவுக்காரம்மாவுடையது. தலைகீழாகத் தெரிந்தாலும் படிக்க முடிந்தது. இன்னும் ஒரு மாதம்தான். மூலையில் முட்டியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிற மனுஷன் நினைவுக்கு வந்தார்.

"நான்தான் மேடம்" என்றாள் நாத்தனார்.

ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டு ஒரு அடி முன்னால் வந்து நின்றாள். "ஜாடி காலியானா சார் திட்டுவார்னு மேல இருந்து ஸ்பூன்ல அள்ளிப் போட்டேன்."

"நீங்க மட்டுமா?"

நாத்தனார் பதில் சொல்லவில்லை. அண்ணியின் பக்கம் திரும்பவுமில்லை. அந்த அம்மா காத்திருந்தார். பேனா முனை காகிதத்துக்கு ஒரு விரற்கடை மேலே நின்றது. மாவுக்காரம்மா இடித்த புளி மாதிரி நின்றாள். பதினேழு வருஷமாக யாரைப் பற்றியும் எதையும் சொல்லத் தயங்காத வாய். ஸ்பூன் என்னுது, நான்தான் ஆரம்பிச்சேன். நாலே நாலு வார்த்தை.

பேனா இறங்கி இரண்டாவது பெயரின் மேல் ஒரு கோடு போட்டது. பிறகு கீழே கையெழுத்து.

சகலைகள் இருவரும் மூச்சு விட்டார்கள். போகும்போது பெரியவர் மாவுக்காரம்மாவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நம்ம ஆள் என்று ஒப்புக்கொள்கிற ஆட்டல்.

உடை மாற்றுகிற அறையில் நாத்தனார் தன் பெட்டியைக் காலி செய்துகொண்டிருந்தாள். ஒரு சீப்பு, ஒரு ஜோடி ரப்பர் செருப்பு, கைக்குத் தடவுகிற களிம்பு. சோப்புத் தண்ணீரில் ஊறி ஊறி அவள் விரல் நுனியெல்லாம் வெடித்திருக்கும். மாவுக்காரம்மா கதவோரமே நின்றாள்.

"ஏண்டி பைத்தியக்காரி, ஒன்ன யாரு முன்னாடி வரச் சொன்னது?"

குரலை உயர்த்திக் கேட்டாள். திட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தாள்.

"நீங்களும் வருவீங்கன்னுதான் வந்தேன்" என்றாள் நாத்தனார். "நாம ரெண்டு பேரும் செஞ்சோம்னு சொன்னா அவங்க என்ன பண்ணுவாங்க? ரெண்டு பேரையும் அனுப்பிட்டா நாளைக்கு மாவு சலிக்க யாரு இருக்கா? எந்தச் சல்லடைல எதச் சலிக்கணும், எவ்ளோ சூடு வைக்கணும்னு அந்த ரெண்டு பேருக்கும் தெரியுமா? பத்து நாள்ல மொத்த வண்டும் செத்துரும். திட்டிட்டு ரெண்டு பேருக்கும் போட்டிருப்பாங்க அண்ணி. அந்தம்மா அதுக்குத்தான் 'நீங்க மட்டுமா'ன்னு கேட்டாங்க. அவங்களுக்கும் நாம ரெண்டு பேரும் வேணும்."

மாவுக்காரம்மாவுக்கு இது தோன்றவேயில்லை. சகலைகளைப் பொம்மை மாதிரி ஆட்டிவைத்த மூளைக்கு இது தோன்றவில்லை. அல்லது தோன்றியிருந்தும்... அதற்கு மேல் அவள் நினைக்க விரும்பவில்லை.

"எனக்கு வயசாச்சுடி. ஒனக்கு இன்னும் காலம் இருக்கு, வேற எடம் கெடைக்கும். பென்ஷன் வந்தா வீட்டுக்குத்தானே? ஒனக்கும்தானே?"

"ஆமா அண்ணி. வீட்டுக்குத்தான்."

அவள் கோபப்பட்டிருந்தால் சமாளித்திருக்கலாம். அழுதிருந்தால் கட்டிப்பிடித்துக்கொண்டு கூட அழுதிருக்கலாம். நாத்தனார் செருப்பைப் பையில் போட்டு, ஏப்ரனை மடித்துப் பெஞ்சின் மேல் வைத்தாள்.

"யோசிக்க நேரமில்லடி. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள அந்தம்மா கோடு போட்டுட்டாங்க."

நாத்தனார் அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தாள்.

"வண்டு எண்ணி எண்ணி எனக்குப் பழகிப் போச்சு. சும்மா நிக்கறப்பகூட வாய்க்குள்ள எண்ணிட்டே இருப்பேன். அவங்க கேட்டதுக்கும் கோடு போட்டதுக்கும் நடுவுல நாப்பது எண்ணினேன் அண்ணி."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வழி விடச் சொல்லி அண்ணியின் கையைத் தொட்டு விலக்கிவிட்டுப் போனாள். படியில் செருப்புச் சத்தம் இறங்கியது.

மாவுக்காரம்மா பெஞ்சில் உட்கார்ந்தாள். நாப்பதா, பொய் சொல்றா, நாலுகூட இருக்காது என்று யாரிடமாவது சொல்ல வேண்டும்போல இருந்தது. சொல்ல முடியாது. அவளும் பதினேழு வருஷம் எண்ணினவள்தான். எப்போதடா அந்தப் பேனா இறங்கும் என்று அவளும் வாய்க்குள் எண்ணிக்கொண்டுதான் நின்றாள். அவள் கணக்கில் நாற்பத்து மூன்று.